கால்விரலைத் தொடச் சொல்லும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில் அண்மையில் வந்த, எல்லா வயதினருக்குமான காலைப் பயிற்சி அட்டவணையை ஒட்டி இதை எழுதுகிறோம். படுக்கையிலிருந்து எழுந்ததும் முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட்டபடி ஒரு நிமிடம் நிற்க வேண்டும், அடுத்து ஸ்குவாட் (குந்தி எழுதல்) 20 வீதம் 3 செட், தண்டால் 15 என்று அதில் இருந்தது. கிட்டத்தட்ட இதே தாளைப் பல ஜிம்களின் சுவரிலும் காணலாம். கல்லூரி மாணவருக்கும், ஓய்வு பெற்ற ஆசிரியைக்கும், சுகர் மாத்திரை போடுகிறவருக்கும், முதுகு வலியோடு வருகிறவருக்கும் முதல் நாளே அந்த ஒரே தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தக் கடிதம் வாசகர்களுக்கு மட்டுமல்ல, தனிப்பயிற்சி கொடுக்கும் டிரெய்னர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் அந்தக் குனிதல். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நம் உயரம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் கூடியிருப்பதும் இதனால்தான். எழுந்து நடமாடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த உயரத்தில் பாதியளவு குறைந்துவிடும். அதற்கு முன், உப்பிய நிலையில் இருக்கும் ஜவ்வை முழுதாக வளைத்தால் அதன் மீதும் சுற்றியுள்ள தசைநார்கள் மீதும் விழும் இழுவிசை பகலில் விழுவதைவிட மிக அதிகம். நாள்பட்ட கீழ்முதுகு வலி உள்ளவர்கள் அதிகாலையில் குனிவதைத் தவிர்த்தபோது வலி குறைந்ததாக ஸ்னூக்கும் அவருடைய சகாக்களும் 1998-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஆகவே முதுகில் தொந்தரவு உள்ளவருக்கு எழுந்தவுடன் கால்விரலைத் தொடும் பயிற்சி வேண்டாம். வீட்டுக்குள் அரை மணி, ஒரு மணி நேரம் நடமாடிய பிறகு நடைப்பயிற்சி போகட்டும். நீட்சி அதற்குப் பிறகு.

கால்விரலைத் தொட முடியாதவரை 'பாடி டைட்டா இருக்கு' என்று சொல்லி அழுத்திவிடுவது அடுத்த தவறு. கால்விரலைத் தொடுவதில் இடுப்பு மூட்டு, தொடையின் பின்தசை, கீழ்முதுகு, கெண்டைக்கால், காலுக்கு இறங்கும் நரம்பு எல்லாமே பங்கெடுக்கின்றன. கைக்கும் காலுக்கும் உள்ள நீள விகிதமும் சேர்ந்துகொள்ளும். உட்கார்ந்தபடி கால்விரலை எட்டும் சோதனையை வெல்ஸ், டில்லன் என்ற இருவர் 1952-ல் அறிமுகப்படுத்தினார்கள். இன்றும் அது பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் எட்டவில்லை என்பதை மட்டுமே அது காட்டும். எந்த இடம் தடுக்கிறது என்பதைக் காட்டாது. இடம் தெரியாமல் எழுதும் நீட்சிப் பயிற்சிக்குப் பயன் இல்லை. சிலருக்கு அதனால் கெடுதலும் உண்டு.

இடத்தைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடமும் ஒரு பாயும் ஒரு சுவரும் போதும். வந்தவரை மல்லாந்து படுக்க வைத்து, ஒரு கால் தரையிலேயே நீண்டிருக்க, மற்ற காலை முழங்கால் மடங்காமல் மெதுவாகத் தூக்குங்கள். 80 டிகிரி அளவுக்கு வந்தால் தொடையின் பின்தசையில் குறையில்லை. அவர் குனியத் தடுமாறுவதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. 60-க்கும் குறைவாக நின்றுவிட்டால், எங்கே பிடிக்கிறது என்று கேளுங்கள். தொடையின் நடுப்பகுதியில் இறுக்கமாக இழுத்தால் அது தசை. முழங்காலுக்குக் கீழே கரண்ட் அடிப்பது போலவோ மதமதப்பாகவோ வந்து, பாதத்தை மேல்நோக்கி மடக்கும்போதும் கழுத்தைக் குனியும்போதும் கூடினால் அது நரம்பு. நரம்பை இழுத்துப் பிடித்து 30 விநாடி நிறுத்துவது அதை மேலும் எரிச்சலூட்டும். அங்கே டிரெய்னர் நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ அனுப்ப வேண்டும்.

கணுக்காலுக்குச் சுவர்ச் சோதனை. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொட வேண்டும். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய், கட்டைவிரலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளக்கவும். 10 செ.மீ. அளவு இருந்தால் ஸ்குவாட்டுக்குப் போதும். 4, 5 செ.மீ.தான் வருகிறது என்றால், அவர் ஸ்குவாட்டில் இறங்கும்போது குதிகால் எழும்பும், அல்லது பாதம் வெளிப்பக்கம் திரும்பி முழங்கால் உள்ளே சாயும், அல்லது முதுகு வளையும். 'முதுகை நேரா வை' என்று நூறு தடவை கத்தினாலும் திருந்தாது, ஏனென்றால் பிழை முதுகில் இல்லை. குதிகாலுக்கு அடியில் ஒன்றிரண்டு செ.மீ. உயரப் பலகை வைத்து இப்போதைக்குப் பயிற்சியைத் தொடரலாம். கூடவே கெண்டைக்காலை இரண்டு விதமாக நீட்ட வேண்டும்: முழங்காலை நேராக வைத்து ஒரு முறை, மடக்கி ஒரு முறை. மேல்தசை முழங்காலையும் தாண்டிப் போகிறது, அடித்தசை தாண்டுவதில்லை. நேராக வைத்து மட்டும் நீட்டுகிறவர்களுக்கு அடித்தசை அப்படியே இருந்துவிடுகிறது. ஸ்குவாட்டில் தடுப்பது பெரும்பாலும் அதுதான். குந்தி உட்காரும் பழக்கம் வீட்டில் இருந்தவரை இந்த அசைவு தினமும் தானாகக் கிடைத்தது. நாற்காலியும் மேற்கத்திய கழிப்பறையும் வந்த வீடுகளில் அதைத் தனியாகச் செய்ய வேண்டியிருக்கிறது.

நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு இடுப்பின் முன்தசையைப் பார்க்க வேண்டும். மேசையின் விளிம்பில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தொங்கும் காலின் தொடை மேசையில் படியாமல் மேலே எழுந்து நின்றால் அந்தப் பக்கம் இறுக்கம். இதற்கு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி முன்னால் சாயும் நீட்சியைக் கொடுப்பார்கள். பயிற்சி சரிதான், செய்கிற விதத்தில்தான் கெடுகிறது. முன்னால் எவ்வளவு போகிறோம் என்ற ஆசையில் இடுப்பை வளைத்துவிட்டால் தசை நீள்வதில்லை, கீழ்முதுகு நசுங்குகிறது. பின்புறத் தசையை இறுக்கி, இடுப்பெலும்பைக் கீழ்ப்புறமாக உள்ளே சுருட்டிக்கொண்டு, ஓரங்குலம் மட்டும் முன்னால் போனாலே போதிய இழுவை கிடைக்கும்.

தோளுக்கும் சுவர் உண்டு. முதுகும் பின்னந்தலையும் சுவரில் பட நின்று, விலா எலும்பு முன்னால் தள்ளாமல் கைகளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். கட்டைவிரல் சுவரைத் தொடவில்லை என்றால் அவருக்குத் தலைக்கு மேல் எடை தூக்கும் பயிற்சி இப்போது வேண்டாம். சாய்வு பெஞ்சில் தொடங்கலாம். நம் ஊர்த் தேகப்பயிற்சிச் சாலைகளில் இருக்கும் கர்லாக்கட்டை இந்த இடத்தில் அருமையான கருவி. இலேசான கட்டையாக எடுத்து, தோளுக்குப் பின்னால் மெதுவாகச் சுழற்றினால், தோளின் அசைவும் பிடிமான பலமும் ஒருசேர வளரும். பல ஜிம்களில் அது மூலையில் அலங்காரத்துக்கு நிற்பது வருத்தமாக இருக்கிறது.

எவ்வளவு நேரம் நீட்டுவது என்பதில் குழப்பமே வேண்டாம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பின் 2011 வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: ஒரு தடவைக்கு 10 முதல் 30 விநாடி, முதியவர்களுக்கு 30 முதல் 60 விநாடி. ஒரு தசைத் தொகுதிக்கு எல்லாத் தடவையும் சேர்த்து 60 விநாடி. வாரத்தில் குறைந்தது 2, 3 நாள், தினமும் என்றால் இன்னும் நல்லது. இறுக்கம் தெரிகிற இடம் வரை போகலாம், வலிக்கிற இடம் வரை போகக் கூடாது. உடம்பு சூடேறிய பிறகே செய்ய வேண்டும். அந்த 60 விநாடியை எப்போது செலவிடுகிறோம் என்பதும் முக்கியம். கனமான எடை தூக்குவதற்கோ வேகமாக ஓடுவதற்கோ சற்று முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் நிலையாக நீட்டினால், கொஞ்ச நேரத்துக்கு அதன் பலமும் துள்ளலும் குறைகின்றன. முன்னால் செய்ய வேண்டியது அசைவோடு கூடிய வார்ம்-அப்: 5 முதல் 10 நிமிடம் நடை, காலை வீசுதல், எடையில்லாத ஸ்குவாட், அன்றைய பயிற்சியையே இலேசான எடையில் ஒன்றிரண்டு செட். நிலையான நீட்சியைக் கடைசிக்கோ தனி நேரத்துக்கோ ஒதுக்குங்கள்.

நீட்சியால் தசை நீண்டுவிட்டது என்று வாடிக்கையாளரிடம் சொல்வதும் சரியில்லை. முதல் சில வாரங்களில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு, இழுவையை நரம்பு மண்டலம் பொறுத்துக்கொள்ளப் பழகியதால் வருவது. விட்டுவிட்டால் சில வாரங்களில் அது போய்விடும். கிடைத்த புதிய அசைவெல்லைக்குள் எடையைக் கட்டுப்படுத்தும் பலமும் வந்தால்தான் அது அன்றாட வாழ்வுக்கு உதவும். முழு அசைவெல்லையில் செய்யும் எடைப்பயிற்சி, நீட்சிப் பயிற்சிக்கு இணையாக அசைவை வளர்க்கிறது என்று 2021-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. ஆகவே வாரத்தில் மூன்று நாள், 40 நிமிடம் மட்டுமே ஒதுக்க முடிந்த ஒருவருக்கு அதில் 15 நிமிடத்தைத் தரையில் உட்கார்ந்து இழுப்பதற்குக் கொடுப்பது வீண் என்றே சொல்வோம். தொடையின் பின்தசை இறுகியவருக்கு, இலேசான டம்பெல்லோடு இடுப்பிலிருந்து மட்டும் குனியும் ரோமேனியன் டெட்லிஃப்டைக் கொடுத்து, 3 விநாடி எடுத்து மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். நீட்சியும் பலமும் ஒரே நேரத்தில் முடிந்தன.

துணையோடு செய்யும் இறுக்கி-தளர்த்தும் முறை நல்ல பலன் தரும். 1940-களில் ஹெர்மன் கபாட் என்ற மருத்துவர் போலியோ முதலியவற்றால் தசை செயலிழந்த நோயாளிகளுக்காக உருவாக்கத் தொடங்கியது அது. இன்று ஜிம்களில் அது கை வலுவைக் காட்டும் இடமாகிவிட்டது. முறை இதுதான்: தசையை இறுக்கம் தெரியும் இடம் வரை கொண்டுபோய், அவர் தன் பலத்தில் கால் பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை மட்டும் கொடுத்து 3 முதல் 6 விநாடி டிரெய்னரின் கைக்கு எதிராக அழுத்த வேண்டும். பிறகு தளர்த்தி, 10 முதல் 30 விநாடி நீட்சி. அந்தக் கடைசிக் கட்டத்தில் எவ்வளவு தூரம் என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். டிரெய்னரின் கை தாங்க மட்டுமே. தோளில் காலைப் போட்டுக்கொண்டு உடல் எடையையும் சேர்த்துத் தள்ளுவதால்தான் இடுப்பெலும்போடு தசை ஒட்டும் இடத்தில் கிழிசல் வருகிறது. அது ஆற மாதக்கணக்கில் ஆகும்.

நீட்சியே தேவைப்படாதவர்களும் உண்டு. கட்டைவிரல் முன்கையைத் தொடும், முழங்கையும் முழங்காலும் நேர்க்கோட்டைத் தாண்டிப் பின்னால் வளையும், குனிந்தால் உள்ளங்கை முழுதாகத் தரையில் படும் என்றால் அவருக்கு மூட்டுகள் இயல்பிலேயே தளர்வானவை. மூட்டுத் தளர்வை அளக்கும் பைட்டன் அளவீட்டில் 9-க்கு எத்தனை என்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். நன்றாக வருகிறது என்பதால் அவர்களுக்கு நீட்சி பிடிக்கும், பாராட்டும் கிடைக்கும். அவர்களுக்குத் தேவை மூட்டைப் பிடித்து வைக்கும் தசைபலம்.

இனி முழு அட்டவணைக்கு வருகிறோம். அதை எழுதும் முன் ஒரு பக்கக் கேள்வித்தாள் வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், இதயநோய், பிரஷர், சுகர், மூட்டு வலி, அறுவை சிகிச்சை, கர்ப்பம், என்னென்ன மாத்திரைகள். மாத்திரைப் பெயரைக் கேட்பது வம்பு இல்லை. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் நாடித்துடிப்பைக் கட்டிப்போடுகின்றன. அப்படிப்பட்டவரிடம், அதிகபட்சத் துடிப்புக்கான '220-லிருந்து வயதைக் கழி' என்ற கணக்கை வைத்துத் துடிப்பை ஏற்றச் சொன்னால் அவர் எல்லை மீறி உழைத்துவிடுவார். மாத்திரை எடுக்காதவருக்கும் அந்தக் கணக்கு இரு பக்கமும் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வரை சாதாரணமாகவே தவறும். நடக்கும்போது பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான உழைப்பு. நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் கடினம். இந்தப் பேச்சுச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. ஜிம்முக்கு வருகிற நடுவயதினரில் சுகர் உள்ளவர் நிச்சயம் இருப்பார். இன்சுலின் போடுகிறவரும், சுகரைத் தாழ இறக்கக்கூடிய மாத்திரை எடுப்பவரும் பயிற்சிக்கு முன் அளந்து பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் மாவுச்சத்து, உதாரணமாக ஒரு வாழைப்பழம், சாப்பிட்டுவிட்டுத் தொடங்கலாம். 250-க்கு மேல் போய், சிறுநீரிலோ இரத்தத்திலோ கீட்டோன் இருந்தால் அன்று பயிற்சி கூடாது. சுகரால் விழித்திரை முற்றிய நிலையில் பாதிக்கப்பட்டவருக்கு மூச்சை அடக்கித் தூக்கும் கனமான எடையும், தலைகீழ் நிலைகளும் ஆகாது. கண்ணுக்குள் இரத்தக்கசிவு வரலாம். எலும்பு மெலிந்த பெண்களுக்குக் குனிந்து எழும் வயிற்றுப் பயிற்சிகள் வேண்டாம்.

உதாரணமாக, 48 வயது, மேசை வேலை, சுகருக்கு ஒரு மாத்திரை, படி ஏறினால் முழங்கால் லேசாக வலிக்கும் ஒருவர். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன இலக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, 2 நாள் தசைப்பயிற்சி. அவரை முதல் வாரமே அங்கே நிறுத்த வேண்டியதில்லை. முதல் நான்கு வாரம் தினமும் 15, 20 நிமிடம் நடை. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக வாரம் மூன்று நாள் தசைப்பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் தண்டால், ரப்பர் பட்டையை மார்புக்கு இழுத்தல், முதுகில் கம்பு வைத்து இடுப்பிலிருந்து குனிதல், நின்றபடி குதிகால் உயர்த்தல். ஒவ்வொன்றும் 8 முதல் 12 வீதம் 2 செட். இன்னும் இரண்டு மூன்று செய்ய முடியும் என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். முழங்கால் வலி 10-க்கு 3-ஐத் தாண்டாமல், மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். தாண்டினால் நாற்காலியின் உயரத்தைக் கூட்டுங்கள், பயிற்சியை விட்டுவிட வேண்டாம். ஐந்தாம் வாரத்திலிருந்து டம்பெல், மேசை போன்ற உயரத்தில் கையூன்றிச் சாய்வாகத் தண்டால், நடையில் சிறு ஏற்றங்கள். ஒன்பதாம் வாரத்திலிருந்து 3 செட், நடை வாரத்துக்கு 150 நிமிடம்.

எடையை எப்போது ஏற்றுவது? கடைசி செட்டில் எழுதிய எண்ணைவிட 2 கூடுதலாக, அடுத்தடுத்த இரண்டு வகுப்புகளில் செய்துவிட்டால் ஏற்றலாம். ஏற்றுவது 2 முதல் 10 சதவீதம். இங்கேதான் நம் ஜிம்களில் சிக்கல். டம்பெல்கள் 2.5 கிலோ இடைவெளியில் இருக்கின்றன. 5 கிலோவிலிருந்து 7.5-க்குப் போவது 50 சதவீத ஏற்றம், தோள் அதைத் தாங்காது. அதே 5 கிலோவில் 15 வரை எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இறக்கும் நேரத்தை 3 விநாடி ஆக்குங்கள், பிறகு 7.5-ல் 6 அல்லது 8-லிருந்து தொடங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் அரைக் கிலோ பட்டையும் இந்த இடைவெளியை நிரப்பும். சுமையைப் படிப்படியாக ஏற்றும் இந்த முறை புதிதல்ல. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களின் முழங்காலைத் தேற்ற தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் 10 முறை தூக்க முடிகிற எடையை அளவாக வைத்து உருவாக்கியது, 1945-ல் வெளிவந்தது. அளந்து ஏற்றினார் என்பதுதான் அதில் பாடம்.

முதல் நாளிலேயே படி இறங்க முடியாதபடி செய்துவிடுவதைப் பெருமையாக நினைக்கும் டிரெய்னர்கள் இருக்கிறார்கள். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சம் தொடும் அந்தச் சதைவலி, பழக்கமில்லாத வேலை செய்தோம் என்பதற்கு அடையாளம். பலம் கூடியதற்கு அளவுகோல் அல்ல. அளவு மிஞ்சினால் தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்கோ பண்டிகைக்கோ இரண்டு மூன்று வாரம் விட்டுவிட்டுத் திரும்புகிறவரிடமும் இந்த ஆபத்து உண்டு, ஏனென்றால் அவர் பழைய எடையை நினைவில் வைத்துக்கொண்டு வருகிறார். முதல் வாரம் ஒரு செட் குறைவு, எடையும் குறைவு.

அடுத்த முறை பயிற்சி அட்டவணை வெளியிடும்போது மூன்று வரி கூடுதலாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்: இது எந்த வயதினருக்கு, எந்த நோய் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது, எந்த அறிகுறி வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் என்று அறிகுறிகளைப் பெயர் சொல்லியே அச்சிடுங்கள். ஜிம் நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வேளையிலும் உயிர்காப்பு முதலுதவி பழகிய ஒருவராவது கூடத்தில் இருக்க வேண்டும். ஒருவர் மயங்கி விழுந்து மூச்சில்லாமல் கிடந்தால், ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அட்டவணை ஒட்டியிருக்கும் அதே சுவரில் இந்த எண்களையும் எழுதி வைக்கலாம்.

இப்படிக்கு,
ஓர் உடற்பயிற்சிப் பயிற்றுநரும் ஓர் இயன்முறை மருத்துவரும்,
திருச்சி